ஏரிக்கு நீலம் பூசாதீர்கள்

விடுமுறை நாட்களில் கரூர் சாலையில் தாடிக்கொம்பைத் தாண்டி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மலையேறும் வண்டிகளில் பெரும்பாலானவை கொடைக்கானல் ஏரிக்கரையில்தான் போய் நிற்கின்றன. அன்று மாலைக்குள் அந்த ஏரியின் படங்கள் செல்போன்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றில் ஏரி மயில்கழுத்து நிறத்தில் மின்னும். சில படங்களைப் பார்த்தால் லடாக்கின் பாங்காங் ஏரியோ என்று சந்தேகம் வரும். நேரில் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். கொடைக்கானல் ஏரி பச்சை. மழை பெய்து ஓடைகள் இறங்கும் நாட்களில் பழுப்பு கலந்த பச்சை. பேரிஜம் ஏரியோ காட்டு நிழல் விழுந்து கருத்துக் கிடக்கும் நீர். ஊட்டி ஏரியும் நீலத்துக்குப் பக்கத்தில் வராது. தமிழ்நாட்டு மலை ஏரிகளுக்கு இல்லாத நீலத்தை நாம் விரல் நுனியால் பூசிக்கொண்டிருக்கிறோம். இதை யாரையும் பாதிக்காத சின்ன அலங்காரம் என்று விட்டுவிட முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஏரியின் நிறம் அதன் நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கான சாட்சி. கையில் கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சாட்சியத்தைப் பதிவுசெய்யக்கூடிய இடத்தில் இருக்கிறார்கள். அதைத் திருத்தி எழுதினால் இழப்பு ஏரிக்கு.

நீருக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் நம் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இங்கிலாந்தின் ராலே பிரபு சொல்லியிருந்தார். பலரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1921ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிய ராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்தபோது அந்த விளக்கத்தைச் சோதிக்க முடிவு செய்தார். அவரிடம் இருந்தது நிக்கோல் பட்டகம் என்ற சிறிய கருவி. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாறிவிடும். நிக்கோல் பட்டகத்தைச் சரியான திசையில் திருப்பினால் அந்த ஒளி கண்ணுக்கு வராமல் அடைபட்டுவிடும். அதாவது வானத்தின் பிரதிபலிப்பைத் துடைத்து எடுத்துவிட்டு நீரை மட்டும் பார்க்கலாம். ராமன் அப்படிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் கூடியது. கரையிறங்கிய கையோடு ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்றார் அவர். சுத்தமான நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதை இன்று சேர்த்துச் சொல்கிறோம். அந்தத் தேடல் 1928ல் ராமன் விளைவிலும் 1930ல் நோபல் பரிசிலும் போய் முடிந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

புகைப்படக்காரருக்கு இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ராமன் கையில் வைத்திருந்த பட்டகம் செய்த வேலையைத்தான் இன்று கேமராக் கடையில் கிடைக்கும் போலரைசர் ஃபில்டர் செய்கிறது. ஏரியை எடுக்கும் எந்தப் படத்திலும் இரண்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று மேற்பரப்பில் விழுந்த வானமும் மரமும். மற்றது நீருக்குள்ளிருந்து வரும் நிறம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலையில் நின்று, தூரத்துக் கரையை நோக்கிக் கேமராவை நேராகப் பிடித்தால் கிடைப்பது பெரும்பாலும் வானத்தின் படம். தெளிந்த நாளில் நீலம், மூட்டம் போட்ட நாளில் சாம்பல். லென்ஸைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, நீர்ப்பரப்போடு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் வைத்து, ஃபில்டரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மேலே படர்ந்திருந்த வெளிச்சம் சட்டென்று விலகும். கரையோரச் செடியின் தண்டு நீருக்குள் எவ்வளவு தூரம் தெரிகிறது, எந்த இடத்தில் பச்சைக்குள் கரைந்து மறைகிறது என்பது அப்போதுதான் புலப்படும். அந்த இடத்தில் தெரிகிற பச்சைதான் ஏரியின் சொந்த நிறம். இந்த ஃபில்டரைப் பலரும் வானத்தைக் கருநீலமாக்கவே வாங்குகிறார்கள். அதன் பெரிய பயன் கீழே, நீரில் இருக்கிறது.

உலகின் பெயர்பெற்ற வண்ண ஏரிகள் ஒவ்வொன்றின் நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. கனடாவின் லூயிஸ் ஏரியும் மொரைன் ஏரியும் பால் கலந்த நீலப்பச்சையில் இருப்பதற்குக் காரணம், பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் மாவு போன்ற நுண்துகள். அது நீரில் அடங்காமல் மிதந்து நீல, பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கோடையில் பனி உருகி மாவு வந்து சேர்ந்தால்தான் அந்த நிறமே வரும். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் கெலிமுத்து எரிமலையின் உச்சியில் மூன்று ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கீழிருந்து வரும் எரிமலை வாயுக்களும் நீரில் கரைந்த தாதுக்களும் மாற மாற, அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறம் மாறுகின்றன. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய உப்பும் காரமும் நிறைந்த நீர். 2020 ஜூனில் அது இளஞ்சிவப்பாக மாறியது. படங்கள் நாடெங்கும் பரவின, நீதிமன்றம் வரை விஷயம் போனது. புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனம் நீரைச் சோதித்து, உப்புநீரில் வாழும் ஹாலோஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களே காரணம் என்று சொன்னது. நிறத்தைக் கண்டதும் கேள்வி பிறந்தது, கேள்வி ஆய்வகத்துக்குப் போனது. படங்கள் அங்கே தங்கள் வேலையைச் செய்தன. எவராவது ஆண்டு முழுக்க லோனாரை நீலமாக்கிப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஜூன் மாதச் சிவப்பை யார் நம்பியிருப்பார்கள்?

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் பனியாறு இல்லை, எரிமலை இல்லை, சுண்ணாம்புப் பாறை கரைந்து நீலம் தரும் வாய்ப்பும் இல்லை. இது சார்னோக்கைட் என்னும் பழைய கடினப் பாறையின் மேல் நிற்கும் மலை. அதன் மேல் மண், புல்வெளி, சோலை. இலைச் சருகு ஊறிய சாறு நீரைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுபோகும், மழையில் கரைந்த மண் பழுப்பாக்கும், பாசி பச்சையாக்கும். மயில்கழுத்து நீலம் வர இங்கே வழியே கிடையாது. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 2013 முதல் 2020 வரையிலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகெங்கும் 85,000க்கும் மேற்பட்ட ஏரிகளின் நிறத்தைக் கணக்கிட்ட ஆய்வு 2022ல் வெளிவந்தது. அவற்றில் நீல ஏரிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் பச்சையும் பழுப்பும்தான். பூமி சூடாக ஆக நீல ஏரிகளில் சிலவும் பச்சைப் பக்கம் சாயக்கூடும் என்று அந்த ஆய்வு எச்சரிக்கிறது. ஏரி என்றாலே நீலம் என்ற எண்ணம் நாள்காட்டிப் படங்களும் கணினித் திரைகளும் நமக்குள் வளர்த்துவிட்ட பழக்கம்.

அந்தப் பழக்கம் சில சமயம் ஆபத்தாகவும் முடிகிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹார்ப்பர் ஹில் என்ற இடத்தில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதில் தேங்கிய நீர் கண்ணைப் பறிக்கும் நீலப்பச்சை. மக்கள் அதை நீல ஏரி என்றே கொண்டாடி, குழந்தைகளோடு வந்து இறங்கிக் குளித்தார்கள். அந்த நிறம் குவாரிச் சுண்ணாம்பு தந்தது. நீரின் காரத்தன்மை (pH) 11.3, கிட்டத்தட்ட அம்மோனியாவுக்கு நிகர். எச்சரிக்கைப் பலகைகள் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் 2013ல் உள்ளூர் நிர்வாகம் அந்த நீரில் கறுப்புச் சாயத்தைக் கலந்தது. கூட்டம் குறைந்தது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. நிலக்கரி அனல்மின் நிலையத்தின் சாம்பல் கழிவு தேங்கும் குட்டை வெளிர்நீலமாக இருந்ததால், 2019ல் மாலத்தீவு என்று பெயர் சூட்டி அங்கே படமெடுக்கக் கூட்டம் கூடியது. இறங்க வேண்டாம், தோலில் படக்கூடாத நீர் என்று அந்த நிறுவனமே கெஞ்ச வேண்டிவந்தது. நீலம் என்றால் சுத்தம் என்று கண் கற்றுக்கொண்டுவிட்டால் சாம்பல் குட்டையும் சொர்க்கமாகத் தெரியும். அதே கண்ணுக்குச் சோலைச் சாறு இறங்கிய நல்ல நீர் அழுக்காகத் தெரியும்.

திண்டுக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாடிக்கொம்பு வழியாக வேடசந்தூர்ப் பக்கம் போய் அமராவதியில் சேர்கிறது குடகனாறு. பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு அது. தண்ணீர் வந்தால் அதன் நிறத்தைப் பார்த்தே மலையில் மழையா, பக்கத்து ஓடைத் தண்ணீரா என்று கரையில் விவசாயம் செய்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். செம்மண் கரைந்த புதுத்தண்ணீருக்கும் தெளிந்து ஓடும் தண்ணீருக்கும் வயலில் வேறு வேறு மதிப்பு. இதே மாவட்டம் கெட்ட நிறத்தையும் பார்த்திருக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு இறங்கி, கிணற்று நீர் நிறமும் சுவையும் மாறி, குடிக்கவும் பாய்ச்சவும் ஆகாமல் போன ஊர்கள் திண்டுக்கல்லைச் சுற்றி உண்டு. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் குறித்து 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருந்தது. அந்த மக்களுக்கு முதலில் சேதி சொன்னது நீரின் நிறமும் வாடையும். சோதனைக்கூட அறிக்கை பிறகுதான் வந்தது. நிறத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மாவட்டம், தன் தலைமேல் இருக்கும் ஏரியின் நிறத்தைத் தானே அழித்துக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு!

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863ல் ஓடைகள் சேரும் சதுப்புப் பள்ளத்தில் கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்பு, நட்சத்திரம் போல் கிளை பிரிந்த வடிவம். ஆழமில்லாத, கிளைகள் நிறைந்த, நாலாபுறமும் ஊர் சூழ்ந்த ஏரி கரையிலிருந்து வரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். வீடுகள், விடுதிகளின் கழிவுநீரில் இருக்கும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பாசி பெருகினால் பச்சை அடர்த்தியாகும். நீர்ச்செடிகள் படர்ந்தால் கிளைகளின் ஓரம் மூடிக்கொள்ளும். அவை மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறையும். ஏரியில் களையெடுக்கும் வேலை திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் இதுதான். இந்த மாற்றங்கள் ஒரே நாளில் நடப்பதில்லை. பத்தாண்டு, இருபதாண்டுப் படங்களை வரிசையாக வைத்தால்தான் பச்சை எங்கே தடித்தது, எந்தக் கிளையில் முதலில் செடி ஏறியது என்று பிடிபடும். இந்தியாவில் இவ்வளவு அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மலை ஏரிகள் சிலவே இருக்கும். அப்படியிருந்தும் நிறம் தெரியும் நம்பகமான படவரிசை கிடைப்பது அரிது, ஏனென்றால் பெரும்பாலானவற்றில் பச்சையை நீலமாக்கிவிட்டோம். நாடி பார்க்க வந்த வைத்தியரிடம் நோயாளியின் நாக்குக்குச் சாயம் பூசிக் காட்டுகிற வேலை இது.

எந்தப் படம்தான் திருத்தப்படாதது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேமராவின் சென்சார் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலச் சல்லடை வழியாக வெளிச்சத்தின் அளவை எண்ணி, மீதியை ஊகித்து நிரப்புகிறது. வெயிலா நிழலா என்று பார்த்து ஒயிட் பேலன்ஸ் தானாக மாறுகிறது. செல்போன் ‘இது நிலக்காட்சி’ என்று கண்டுகொண்டு, கேட்காமலேயே பச்சையையும் நீலத்தையும் ஏற்றிவிடுகிறது. ஃபிலிம் காலமும் அப்படித்தான். 1990ல் வந்த ஃபியூஜி வெல்வியா என்ற ஃபிலிம் நிறத்தைக் கூட்டிக் காட்டும் என்பதற்காகவே நிலக்காட்சிக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். முழு உண்மை கைக்கு எட்டாது என்பதை ஏற்கிறேன். அதனால் பொய்க்கும் மெய்க்கும் வேறுபாடு இல்லை என்று ஆகிவிடுமா? தராசில் சிறு பிசகு உண்டு என்பதற்காகக் கட்டை விரலை வைத்து அழுத்துவதை எந்த வியாபாரியிடமும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. மூட்டத்தில் சாம்பலடித்த படத்தைக் கண் பார்த்த பச்சைக்குக் கொண்டுவருவது திருத்தம். பச்சையை நீலத்துக்குக் கொண்டுபோவது மாற்றம். இரண்டுக்கும் நடுவில் சந்தேகத்துக்கு இடமான பகுதி இருக்கிறது, ஆனால் மயில்கழுத்து ஏரிகள் அந்தப் பகுதியைத் தாண்டி எங்கோ போய்விட்டன. கலைக்காக நிறத்தோடு விளையாடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட ஏரியைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. இடத்தின் பெயரையும் நாளையும் போட்டு, ‘இன்று கொடைக்கானல்’ என்று எழுதிப் படம் போடும்போது அது செய்தியாகிவிடுகிறது. செய்திக்கு உரிய பொறுப்பு அதற்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது. படகு ஓட்டுபவர், குதிரை வைத்திருப்பவர், கரையில் சோளம் சுட்டு விற்பவர் எல்லோரும் அந்த அழகான படங்களால் வரும் கூட்டத்தை நம்பி இருக்கிறார்கள். பச்சை ஏரியைக் காட்டினால் யார் வருவார்கள்? இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் கொடைக்கானலின் இன்றைய சிக்கல் ஆள் வராதது அல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து கோடைப் பருவத்தில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பே வைக்க வேண்டியிருந்தது. கூட்டத்தைத் தடுக்க நீதிமன்றம் தலையிடும் ஊருக்கு, கூட்டத்தை ஈர்க்கப் பொய் நீலம் எதற்கு? படகுக்காரரின் பிழைப்புக்கு உண்மையான எதிரி ஏரியை மூடும் செடியும் நாற்றமும்தான். அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் படம் அவர் பக்கம் நிற்கும் படம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. நிறம் எல்லாவற்றையும் சொல்லுமா? சொல்லாது. கொடைக்கானலே அதற்குச் சான்று. 1983ல் அங்கே தொடங்கப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு, 2001ல் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு 2016ல்தான் உடன்பாடு வந்தது. கொடைக்கானல், பேரிஜம், குக்கல் ஆகிய மூன்று ஏரிகளின் நீரையும் வண்டலையும் ஒப்பிட்டு 2006ல் வெளியான ஆய்வு, கொடைக்கானல் ஏரியில் பாதரசம் மற்ற இரண்டையும்விட அதிகம் என்று காட்டியது. அந்தப் பாதரசத்தை எந்த லென்ஸும் பிடித்திருக்காது. நீரில் கரைந்த நிலையில் அதற்கு நிறம் இல்லை. ஆகவே நல்ல பச்சைப் படத்தைக் காட்டி ஏரி நலமாக இருக்கிறது என்று யாரும் சான்றிதழ் தர முடியாது. ஆனால் அந்த ஆய்விலும் வேலை செய்தது மூன்று ஏரிகளை ஒரே முறையில் அளந்து அருகருகே வைத்த ஒழுங்குதான். அந்த ஒழுங்கைப் படத்துக்கும் கொண்டுவரலாம். பாசி, வண்டல், சருகுச் சாறு ஆகிய மூன்றையும் கண் பார்க்கும். அவற்றில் மாற்றம் தெரிந்தால் நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம்.

இதற்கான கருவிகள் புதியவை அல்ல, விலையும் அதிகமில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியை ஆராய்ந்த ஃபோரல், 1890 வாக்கில் நீரின் நிறத்துக்கு ஓர் அளவுகோல் செய்தார். பிறகு ஜெர்மனியின் உலே அதை நீட்டினார். ஆழ்நீலத்தில் தொடங்கிப் பழுப்பில் முடியும் 21 படிகள். நீரின் தெளிவை அளக்க இத்தாலியப் பாதிரியார் செக்கி 1865ல் கொண்டுவந்த தட்டு இன்னும் எளியது: கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் உள்ளூர் மக்களும் மாணவர்களும் சிறிய செக்கி தட்டையும் நிற அட்டையையும் வைத்துக்கொண்டு, செல்போன் செயலியில் அளவைப் பதிந்திருக்கிறார்கள். கொடைக்கானலிலும் திண்டுக்கல்லிலும் உள்ள கல்லூரிகளும் புகைப்படக் கிளப்புகளும் இதை நாளையே தொடங்கலாம். ஏரிச்சாலையில் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, முற்பகலில், சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது, போலரைசரைத் திருப்பி வானத்தை விலக்கி, கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுக்க வேண்டும். முதல் படத்தில் நீரோடு சேர்த்து ஒரு சாம்பல் அட்டையும் இருந்தால் ஒயிட் பேலன்ஸ் பிறகு சரியாக அமையும். நாள், நேரம், முந்திய வாரம் பெய்த மழை ஆகியவற்றைக் கூடவே எழுதிவைக்க வேண்டும். வனத்துறை அனுமதி பெற்று பேரிஜத்திலும் இதையே செய்தால் ஒப்பிட ஓர் ஏரி கிடைக்கும். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அதன் நிறம் மாறினால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள்.